இரண்டு வரிப் புரோகிராம்

"இருபதாம் வரியிலை பிழை எண்டு மெசின் சொல்லுது."

ஸ்ரெல்லா கொப்பியை மேசைமேல் வைத்தாள். நடராசா அதைப் புரட்டினான்.

"எங்கை பிழை? வடிவாப் பாத்துத்தானே தந்தனான்."

"மேற்கோள் குறியைத் திறந்தனீங்கள். மூடேல்லை."

"ஒரு குறிதானே? விளங்கிக்கொள்ளக்கூடாதோ?"

"மெசினிட்டை இரக்கம் பாக்கேலாது."

இது பதினோராவது தடவை. குருநகரில் சந்தியோகு மாஸ்டர் நடத்திய கம்பியூட்டர் வகுப்புக்கு ஒரு விதி இருந்தது. பிழையில்லாமல் ஓடும் புரோகிராம் ஒன்றை எழுதியவர் மட்டுமே உள்ளறைக்குப் போய்க் கம்பியூட்டரைத் தொடலாம். அதுவரை கொப்பியில் எழுதி மாஸ்டரின் மகள் ஸ்ரெல்லாவிடம் கொடுக்க வேண்டும். மாஸ்டர் உள்ளே ஓட்டிப் பார்ப்பார். இரண்டு நாளில் விடை வரும்.

அது 1992. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று இரண்டு வருடம். பற்றரிக்கும் அரசாங்கத் தடை.

"பற்றரியிலைதான் ஓடுது. வெளியிலை கதைச்சுப்போடாதேங்கோ," என்று முதல் நாளே ஸ்ரெல்லா சொல்லியிருந்தாள். நடராசா வீட்டில்கூடச் சொல்லவில்லை.

மானிப்பாயிலிருந்து சைக்கிளில் வருவான். அட்டை கிழிந்த 'பேசிக்' கம்பியூட்டர் மொழிப் புத்தகத்தை நான்கு முறை படித்துவிட்டான். சும்மா இருக்க முடியாமல் 'கோபோல்' மொழியும் தொடங்கியிருந்தான். வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டும்போதும் அதே நினைப்புத்தான். பாத்தி நிறைந்ததா? இல்லையென்றால் நில். நிறைந்தால் அடுத்த பாத்திக்குப் போ. அக்கா குணலட்சுமி ஒருநாள் தெரியாமல் வரம்பில் கால் வைத்தபோது, "நாப்பதாம் வரியை மிதிக்காதை!" என்று கத்தினான். அக்கா அம்மாவிடம் போய், தம்பிக்கு வெயில் பிடித்துவிட்டது என்றாள்.

இத்தனைக்கும் அவன் ஒரு கம்பியூட்டரைக் கண்ணால் கண்டதில்லை.

"எந்த வருசத்து மெசின்?" என்று கேட்டான்.

"எண்பத்திரண்டு. அதுதான் ஆறுதலா, மெல்ல மெல்ல ஓடுது."

"பழசுதான் நல்லது. விடையை ஏன் கையாலை எழுதித் தாறியள்?"

"பிரிண்டருக்கு றிபன் இல்லை. உங்களுக்குத் தெரிஞ்ச கடையிலை இருந்தா வாங்கித் தாங்கோவன்."

எங்கும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

"பெரிசு பெரிசா எழுதுறியள்," என்றாள் அவள். "போன கிழமை ஆயிரத்துக்குள்ளை வாற பகா எண்ணெல்லாம் கேட்டனீங்கள். முழுக்க ஓடி முடிஞ்ச பிறகுதான் கடைசி வரியிலை பிழை. சின்னனா எழுதுங்கோ. சின்னனிலை பிழை வராது."

நியாயமாகத்தான் பட்டது. அங்கேயே நின்று எழுதினான். பத்தாம் வரி: 'நடராசா' என்று அச்சிடு. இருபதாம் வரி: பத்தாம் வரிக்குப் போ.

மேற்கோள் குறிகள் இரண்டையும் விரலால் தொட்டுப் பார்த்தான்.

"உவ்வளவுதானோ?"

"இவ்வளவுதான்."

"இதை முதலே எழுதியிருக்கலாமே," என்று சிரித்தபடி வாங்கிக்கொண்டாள் ஸ்ரெல்லா.

இரண்டாம் நாள் விடை வரவில்லை. மூன்றாம் நாளும் வரவில்லை. நான்காம் நாள் போனபோது ஸ்ரெல்லா தலைகூட வாராமல் உட்கார்ந்திருந்தாள்.

"பிழையோ?" என்றான் பயத்துடன்.

"பிழை இல்லை."

"அப்ப ஓடுது!"

"ஓடுது. நாலு நாளா ஓடுது. நான் சொன்னாக் கேக்குதில்லை. எழுதின ஆள்தான் நிப்பாட்ட வேணுமாம். உள்ளை வாங்கோ."

நடராசா செருப்பைக் கழற்றினான். கைகளை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தான். ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டு நின்ற உள்ளறைத் திரைச்சீலையை மெல்ல விலக்கினான்.

உள்ளே கம்பியூட்டர் எதுவும் இல்லை. ஒன்பதாவது கொப்பியின்மேல் குனிந்திருந்த சந்தியோகு மாஸ்டர், தலை நிமிராமல் பென்சிலால் 'நடராசா' என்று எழுதி முடித்து, அடுத்த வரியில் மறுபடி 'ந' போட்டார்.