பம்சேயைப் பழக்கிய மூன்று கிழமை

மாப்பிள்ளை தேநீர்க் கோப்பைக்குக் கை நீட்டியதுதான் தாமதம், நாய்க்குட்டி பம்சே பல்லைக் காட்டி உறுமியது. மாப்பிள்ளை கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"எழும்பாதேங்கோ அப்பா! இன்னொருக்கா," என்றாள் அபிஷா.

கோட்டும் கழுத்துப்பட்டியுமாகத் தன் சொந்த சோபாவிலேயே மாப்பிள்ளை வேஷத்தில் இருந்த ஜெயரத்தினத்துக்கு வியர்த்துக் கொட்டியது. பேர்கன் நகரிலிருந்து நிருஜன் குடும்பத்தோடு பெண் பார்க்க வருவதற்கு இன்னும் நான்கே நாள்தான் இருந்தது.

போன மாதம் தபால்காரரைப் பார்த்து இந்த எட்டு மாதக் குட்டி உறுமிய அன்றே, யாருக்காவது கொடுத்துவிடுவோம் என்றார் அவர். அபிஷா அழாக்குறையாகக் கெஞ்சினாள்.

"சின்னனிலையே திருத்தினால் சரிவருமாம் அப்பா. நாய் பழக்கிற கூர்ஸிலை சொல்லித் தருகினம். மூண்டு கிழமை தாங்கோ."

படிப்பு முடியும்வரை கல்யாணமே வேண்டாம் என்று முரண்டு பிடித்தவள், அவர் அந்த மூன்று வாரத்தைத் தந்த பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவருக்கு அதுவே பெரிய நிம்மதி.

ஒன்றுதான் உறுத்தியது. உறுமி முடித்த பம்சேக்கு அவள் பிஸ்கட் கொடுத்தாள்.

"உறுமினதுக்கு ஏன் பிள்ளை பிஸ்கட்?"

"இஞ்சை அடிச்சுப் பழக்கேலாது அப்பா."

பெற்ற பிள்ளைக்கே கை ஓங்க முடியாத நாடு. நாய்க்கும் அதே சட்டம்தான் போலும் என்று நினைத்து மறுபடி கோப்பைக்குக் கை நீட்டினார்.

சனிக்கிழமை வந்தது. நிருஜனின் தாய் நாயைக் கண்டதும் சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். பம்சே கம்பளத்தில் படுத்தபடி அசையவில்லை. ஜெயரத்தினத்துக்குப் போன உயிரில் பாதி திரும்பியது.

அபிஷா தட்டோடு வந்தாள். நிருஜன் புன்னகையோடு கை நீட்டினான்.

பம்சே பாய்ந்து எழுந்து பல்லைக் காட்டியது. கோப்பை நிருஜனின் மடியில் கவிழ்ந்தது.

"ஐயோ, என்ரை பிள்ளை!" என்று தாய் அலறினார். ஐந்து நிமிடத்தில் எல்லோரும் சப்பாத்து மாட்டிவிட்டார்கள். "இந்தச் சம்பந்தம் எங்களுக்குச் சரிவராது," என்ற தாயின் குரல் படியிறங்கிப் போனது.

ஜெயரத்தினத்துக்குக் கண்மண் தெரியாத கோபம். நாய்ப்பட்டியை மாட்டிப் பம்சேயை வாசலுக்கு இழுத்தார்.

"கடிக்க வெளிக்கிட்ட நாயை இனி வைச்சிருக்கேலாது. இண்டைக்கே மிருக வைத்தியரிட்டை ஊசி போட்டு முடிக்கச் சொல்லப்போறன்."

உலாத்தப் போகிறோம் என்று நினைத்து அது வாலை ஆட்டிக்கொண்டு பின்னால் வந்தது. அபிஷா ஓடிப்போய்க் கதவில் சாய்ந்து நின்றாள்.

"பம்சேயிலை பிழையில்லை அப்பா. உறுமச் சொல்லி நான்தான் பழக்கினனான்."