கையேட்டில் இல்லாத கட்டளை

சந்தியாகு அண்ணாச்சிக்கு நாங்கள் செய்து கொடுத்த, கணினி வைத்த செயற்கைக் கால் கரையில் நன்றாக நடக்கும். படகு ஆடத் தொடங்கியதும் தன்னைத்தானே சோதித்து, அந்தச் சோதனையில் தோற்று, முட்டியைப் பூட்டிக்கொள்ளும். ஏழு மாதமாக அவருடைய மீன்பிடிப் படகை மச்சான்தான் ஓட்டுகிறார்.

ஒவ்வொரு புகாருக்கும் நாங்கள் அனுப்பிய பதில் ஒன்றுதான்: "எங்கள் ஆய்வகத்தில் சரியாக வேலை செய்கிறது." எழுதியது நான். எங்கள் சோதனை மேசை தரையோடு போல்ட் போட்டு முடுக்கப்பட்டது.

கடைசியில் வெட்கம் பொறுக்காமல் தூத்துக்குடிக்கே போய், லேப்டாப்போடு அவர் படகில் ஏறினேன். நடுக்கடலில் கால் பூட்டிக்கொண்டது. கையேட்டில் இருந்த பன்னிரண்டு கட்டளைகளையும் கொடுத்துப் பார்த்தேன், அசையவில்லை. நிரலையே திறந்து வரிவரியாகப் படித்தேன். பதிமூன்றாவதாக ஒன்று இருந்தது: ஆடும்தரை. பக்கத்தில், எப்போதோ வேலையை விட்டுப்போன யாரோ ஒருவரின் குறிப்பு. "தாம்பரம் மின்ரயிலில் நின்றபடி சோதித்தேன். கையேட்டில் சேர்க்கவும்."

யாரும் சேர்க்கவில்லை.

அதைத் தட்டினேன். முட்டியின் பூட்டு விட்டது. அண்ணாச்சி எழுந்தார். ஓர் அலை வந்தது. கால் அதோடு வளைந்து, அதோடு நிமிர்ந்தது. அவர் மச்சான் கையிலிருந்த வலையை வாங்கி வீசினார்.

பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மேடம், நல்லாருக்கியளா?"

நன்றாக இல்லை. குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் படகில் ஆடாமல் நின்றது ஒன்றே ஒன்றுதான். இரண்டு கையாலும் அந்தக் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.