கை தூக்கியவர்கள்

போலீஸ் ஏட்டு வேறெங்கும் தேடவில்லை. நேராக அடுக்களைக்குப் போய், அரிசிப்பானைக்குள் முழங்கை வரை விட்டு, அப்பாவின் நோட்டை உருவினார். அரிசி தரையெல்லாம் சிதறியது.

"ஏன் வாத்தியாரே, எமர்ஜென்சில எழுதுத எழுத்தா இது? ஜீப்புல ஏறும்."

நோட்டில் இருந்ததெல்லாம் பழைய பேப்பர்களில் வந்தவைதான். ஜனங்களின் கடிதத்தைப் பிரிக்கலாமா, வீடு புகுந்து சோதனை போடலாமா, விசாரணையில்லாமல் ஜெயிலில் வைக்கலாமா என்று பாராளுமன்றத்தில் ஓட்டுக்கு விட்டபோது எந்த உறுப்பினர் கை தூக்கினார் என்று அப்பா கட்டம் போட்டு எழுதியிருந்தார்.

எங்கள் முத்தையாபுரத்துக்கு வந்து "நான் உங்க வீட்டுப் பிள்ளை" என்று ஓட்டுக் கேட்டவரின் பேருக்கு நேரே மூன்று 'ஆம்'. அப்பாவுக்குக் கண்ணிலேயே காட்டக்கூடாத இன்னொருவரின் பேருக்கு நேரே மூன்று 'இல்லை'.

"ஆளைப் பிடிக்கலேன்னாலும் உள்ளதை உள்ளபடி எழுதணும்ளா," என்பார்.

அவரைக் கொண்டுபோய் இரண்டு நாளாகிறது. பாளையங்கோட்டை ஜெயிலுக்கு என்கிறார்கள். அம்மா அழவில்லை. சிந்திய அரிசியை இன்னும் கூட்டவும் இல்லை.

வியாழக்கிழமை அப்பா நோட்டை ஒளித்ததிலிருந்தே எனக்கு நடுக்கம்தான். மறுநாள் பள்ளிக்கூடம் போகிற வழியில் வேதக்கோயில் வாசலில், ஜெபம் கேட்டு எழுதிப் போடுகிற பெட்டியில் ஒரு சீட்டு எழுதிப் போட்டேன். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் சாப்பிட முடிந்தது.

அந்தக் கட்டத்தை அப்படியே பார்த்து எழுதி, நாசரேத்தில் இருக்கும் கிருபாநிதி மாமாவுக்கும் அப்பா ஒரு கடிதம் போட்டிருந்தார். அதைத்தான் வழியில் பிரித்திருப்பார்கள் என்று அம்மா சொன்னாள்.

இன்று தபால்காரர் பேச்சிமுத்து வாசலுக்கு வந்ததும் கேட்டே விட்டாள்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுக் கடுதாசியைப் பிரிச்சுக் காட்ட எவ்வளவு குடுத்தாவ?"

"என்ன தாயி இப்படிச் சொல்லுதிய?" அவர் பையிலிருந்து அதே கவரை எடுத்து நீட்டினார். "நாசரேத்துல வீடு பூட்டிக் கெடக்காம். திரும்பி வந்துட்டு. நல்லாப் பாருங்க, ஒருத்தன் கை படல."

அப்பா ஒட்டிய சோற்றுப்பசை காய்ந்து அப்படியே இருந்தது. ஒட்டின இடத்தின் மேல் அவர் போட்ட கையெழுத்தும் கலையவில்லை.

அம்மா கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பானை விஷயம் நம்ம மூணு பேருக்குத்தானளா தெரியும்?"

அப்போதுதான் பக்கத்து வீட்டு ரோஸ் சித்தி கஞ்சிச் சட்டியோடு வந்தாள். உட்காரவில்லை.

"அக்கா, சொல்லாம இருக்க முடியல. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு நீங்க காய்ச்சல்னு வரல. ஜெபப்பெட்டியில கெடக்க சீட்டையெல்லாம் கோயில் உபதேசியார் சத்தமா வாசிப்பாருல்லா? ஒண்ணுல பேரே இல்ல. 'ஆண்டவரே, வாத்தியாரா இருக்க எங்கப்பா அரிசிப்பானைக்குள்ள வச்ச நோட்டைப் போலீஸ் கண்ணுக்கு மறைச்சிரும்'னு இருந்துச்சு. எல்லாரும் கை தூக்கி ஜெபிச்சோம். ஏட்டு பொண்டாட்டிதான் ரெண்டு கையையும் தூக்குனா."

அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"ஏளா ஜெபகனி, நீ யாருக்குளா எழுதுன?"