கதவுக்கு அந்தப் பக்கம் இழுத்தவர்

கை தலைக்கு மேல் போகாத பெயிண்டரை எவன் வேலைக்குக் கூப்பிடுவான்? பெரியவருக்குத் தோள் இறுகிப்போய் அந்த நிலைமைதான். பிசியோதெரபிப் பெண் கயிறும் கப்பியும் கொடுத்து, கதவின் மேல் மாட்டச் சொன்னாள். இரண்டு பிடியும் ஒரே பக்கம் தொங்க வேண்டும். நல்ல கை இழுத்தால் நோகும் கை ஏறும். டாக்டரையே நம்பாத மனுஷன் இதைப் பாதிதான் காதில் வாங்கினார். ஒரு பிடியைக் கதவுக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டு, அறைக்குள் நின்று மற்றதை நோகும் கையால் பிடித்துக்கொண்டார்.

தினமும் கை கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. வலித்தால் கயிறு நின்றது. வலி அடங்கினால் மெல்ல இழுத்தது. மருமகள்தான் கூடத்தில் நின்று இழுக்கிறாள் என்று நினைத்தார்.

இன்று கை காதைத் தாண்டிவிட்டது!

"ஏம்மா, ஏறிடுச்சும்மா! அப்படியே இழு!"

வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"நான் இப்பதானே மாமா ஆபீஸ்லேருந்து வரேன்?" மருமகளின் குரல் கூடத்துக்கு வந்ததும் கிறீச்சிட்டது. "ஐயோ மாமா! இங்க யாருமே இல்ல, பிடி தானா இறங்குது!"

"கத்தாதம்மா," என்றார் பெரியவர், பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி. "பயந்து கயித்த விட்டுடப் போறாங்க."