விசாரிக்காமல் ஒப்படைப்பதில்லை

பள்ளி அலுவலகச் சுவரில் மாட்டியிருந்த 'பெருமைமிகு முன்னாள் மாணவர்' படத்தைப் பெரியவர் முதுகு வளையாமல் உட்கார்ந்து பார்த்தார்.

"சின்ன வயசுலயே ஐந்நூறு ஆபரேஷன் பண்ணின டாக்டர், சார். தங்கமான மாப்பிள்ளை! இன்னும் என்ன யோசனை?" என்றார் கிளார்க்.

"யார் படத்தை வேணும்னாலும் மாட்டலாம். விசாரிக்காம எதையும் ஒப்படைக்கிற வழக்கம் எங்க குடும்பத்துல இல்ல. உயிரியல்ல எவ்வளவு மார்க்?"

பழைய பதிவேட்டைப் புரட்டிய கிளார்க் குரலைத் தாழ்த்தினார். "முப்பத்தஞ்சு. மாமனார் ஆகப்போறவர் இதையெல்லாம் பெரிசு பண்ணலாமா?"

"மாமனாரா? நாளைக்குக் காலையில என் நெஞ்சைத் திறக்கப்போறதே அவர்தான்."

கிளார்க் அவசரமாக அடுத்த பக்கத்துக்குத் தாவினார். "சார், தையல் வகுப்புல நூத்துக்கு நூறு!"

பெரியவர் சற்று யோசித்தார்.

"சரி, திறந்ததை மூடவாவது தெரிஞ்சிருக்கு" என்று எழுந்தார்.