மறுக்காத பத்தி

கணவன் போட்ட விவாகரத்து மனுவுக்கு எதிருரை தயாராகிக்கொண்டிருந்தது. வக்கீல் சுலைமான் ஒவ்வொரு பத்தியாக வாசித்தார். வடிவாம்பாள் "பொய் சார்" என்றதும் 'மறுக்கப்படுகிறது' என்று எழுதினார். சோறு போடவில்லை, பொய். மாமியாரை ஏசினாள், பொய். வீட்டிலும் சில வருஷங்களாகக் கணவன் எது சொன்னாலும் அவளிடம் மிஞ்சியிருந்த பதில், "இல்ல" என்பதுதான்.

"அடுத்தது. 'மணமான புதிதில் ஒரே தட்டில் சாப்பிட்டுச் சந்தோஷமாக இருந்தோம்.' மறுத்துடலாமா?"

"இது அவர் சொன்னதா சார், அவரோட வக்கீலா எழுதினதா?"

"சந்தோஷமா இருந்தோம்னு எல்லா மனுவிலயும் வரும்மா. தட்டு மட்டும் அவர் சொல்லியிருப்பார். பேசாம விட்டா நீங்க ஒத்துக்கிட்டதா ஆயிடும், பாத்துக்கோங்க."

பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். வடிவாம்பாள் வாயைத் திறக்கவே இல்லை.