கதவில் தொங்கிய பலகை

எபர்லே அம்மா சொன்னதை நான் பல வருஷம் நம்பவில்லை. இப்போதும் முழுசாக நம்புகிறேனா, தெரியாது.

ஸ்டுட்கார்ட்டில் எங்கள் குடியிருப்பில் ஒரு மரப்பலகை உண்டு. அது யார் கதவில் தொங்குகிறதோ, அந்த வாரம் படிக்கட்டைப் பெருக்கித் துடைப்பது அவர்கள் வேலை. முடித்ததும் அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட வேண்டும்.

இரண்டாம் மாடிக்கு ஸ்வென்யாவும் ரூபெனும் குடிவந்தார்கள். சின்ன வயசு. தினமும் சண்டை. எதிர்வீடுதான் எபர்லே அம்மா.

இவர்கள் ஞாயிறன்று பலகையை அந்த அம்மா கதவில் மாட்டுவார்கள். திங்கள் காலை அது இவர்கள் கதவிலேயே தொங்கும். மூன்று வாரம் இதே கதை.

"வேலைக்கள்ளி!" என்றாள் என் மனைவி ஹைகே. "நம்ம கதவுலயும் ஒரு குளிர்காலம் இப்படித்தானே மாட்டினா? ரெண்டு பேரும் போய்க் கத்தினோமே!"

நான்காவது திங்கள், ஸ்வென்யா பெட்டியோடு இறங்கினாள். நான் கீழ்ப்படியில் நின்றிருந்தேன்.

"போ, போ! இந்த வாரம் பெருக்குறதும் என் தலையிலதான்!" மேலிருந்து ரூபென் கத்தினான்.

அவள் நின்றாள். "என்னது? மறுபடியும் நம்ம கதவுலயா?"

பெட்டியைப் படியில் வைத்துவிட்டு மேலே ஓடினாள். இருவரும் சேர்ந்து எதிர்க்கதவைத் தட்டினார்கள்.

"எங்களப் பாத்தா இளிச்சவாயங்களாத் தெரியுதா?"

"நீங்க பெருக்குற லட்சணத்துக்கு இன்னும் நாலு வாரம் பெருக்கணும்!"

கதவு படாரென்று மூடியது.

"திமிரப் பாரேன்!"

"நல்லாக் கேட்ட நீ."

"நீ மட்டும் என்ன, மூஞ்சி தக்காளி மாதிரி ஆயிடுச்சு!"

சிரிப்புச் சத்தம். ரூபென் இறங்கி வந்து பெட்டியை மேலே தூக்கிப் போனான். இன்று அவர்களுக்கு இரண்டு பெண் குழந்தைகள்.

பின்பு ஒருநாள் எபர்லே அம்மா என்னிடம் சொன்னார். "அவங்க ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு எதிரி தேவைப்பட்டுது. நானே ஆயிட்டேன்."

சோம்பலுக்கு அழகான சாக்கு என்றுதான் நினைத்தேன். மனிதர்களைப் பற்றி நல்லதை நம்ப எனக்கு எப்போதுமே நேரம் பிடிக்கும்.

போன வாரம் எங்கள் முறை. ஹைகே பெருக்க, நான் துடைக்க, ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம். சட்டென்று என் கை நின்றது.

ஈரத்துணியோடு மேலே போய் அந்தக் கதவைத் தட்டினேன்.

"அந்தக் குளிர்காலத்துல நானும் ஹைகேயும் பேசிக்காம இருந்தது உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"